பிறந்த காலத்துப் பாறை எதுவும் எஞ்சாத பூமிக்கு 454 கோடி ஆண்டு வயது என்பதை எப்படிக் கணித்தார்கள்?

முல்லைநிலம்:

பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்றும், அந்த எண்ணில் இருக்கக்கூடிய பிழை ஒரு விழுக்காட்டளவே என்றும் படிக்கிறோம். ஆனால் பூமி உருவான காலத்துப் பாறை எதுவும் இன்று இங்கே இல்லை, அவையெல்லாம் உருகியும் தேய்ந்தும் மறைந்துவிட்டன என்று அதே நூல்கள் கூறுகின்றன. மிகப் பழையவற்றுள் ஒன்றாகச் சொல்லப்படும் கனடாவின் அகாஸ்டா நைஸ் பாறைக்கும் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளே ஆகின்றன. அப்படியானால் மீதி 50 கோடி ஆண்டுகள் எங்கிருந்து வந்தன? இன்னோர் ஐயமும் உண்டு. யுரேனியம் சிதைந்து காரீயமாகிறது என்பதை வைத்து வயதைக் கணிக்கிறார்கள் என்றால், தொடக்கத்திலேயே அந்தப் பாறையில் எவ்வளவு காரீயம் இருந்தது என்பதை ஊகமாகத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

கற்படுகை:

இரண்டாவது ஐயத்தைத் தீர்த்தால்தான் முதலாவதற்கு விடை கிடைக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காரீயம்-206 என்ற ஐசோடோப் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணு வகைகளுள் ஒன்று), யுரேனியம்-238 சிதைவதால் சேர்வது; அந்த யுரேனியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். காரீயம்-207, யுரேனியம்-235 சிதைவதால் சேர்வது. இதன் அரை ஆயுள் ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளே. காரீயம்-204 எதன் சிதைவாலும் உண்டாவதில்லை. ஒரே மூலப்பொருளிலிருந்து ஒரே காலத்தில் உருவான பல பொருள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 206-உம் 207-உம் 204-ஐப் போல எத்தனை மடங்கு இருக்கின்றன என்று அளந்து வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தால், அவை ஒரே நேர்கோட்டில் அமையும். அந்தக் கோட்டின் சாய்வு, இடையே கழிந்த காலத்தைப் பொறுத்தே அமைவது. ஆகவே தொடக்கக் காரீயத்தை ஊகிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அவை ஒரே காலத்தில் உருவாகவில்லை என்றாலோ, வெளியிலிருந்து வேறு காரீயம் கலந்திருந்தாலோ, புள்ளிகள் பெரும்பாலும் கோட்டை விட்டுச் சிதறி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறையின் உண்மையான வலிமை இதுதான் என்பது என் கருத்து.

இனி முதல் ஐயம். சூரியக் குடும்பம் உருவானபோது பூமியோடு சேர்ந்து திரண்டு, அதன் பின் பெரிய மாற்றத்துக்கு உள்ளாகாமல் விண்வெளியில் கிடந்தவை விண்கற்கள். அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் அவற்றுள் மூன்று கல் வகை விண்கற்களையும் இரண்டு இரும்பு வகை விண்கற்களையும் அளந்தார். அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ இரும்பு விண்கல்லில் உள்ள டிராய்லைட் என்ற இரும்பு சல்பைடில் யுரேனியம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே அதிலுள்ள காரீயம், சூரியக் குடும்பத்தின் தொடக்கக் காரீயமாகவே இன்றும் இருக்கிறது. ஐந்தும் ஒரே கோட்டில் அமைந்தன. கடலடிப் படிவிலிருந்து எடுத்த பூமியின் காரீயமும் அந்தக் கோட்டிலேயே விழுந்தது. பூமியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே என்று அவர் முடிவு செய்ய அது இடம் கொடுத்தது. 1956-இல் அவர் வெளியிட்ட வயது 455 கோடி ஆண்டுகள். பிழை வரம்பு 7 கோடி.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த அளவீட்டுக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஆய்வகத்தின் காற்று, தூசி, கண்ணாடிக் குடுவைகள் என எல்லாவற்றிலும் காரீயம் கலந்திருந்ததால், மாதிரியில் உள்ள நுண்ணளவு காரீயத்தைத் தனித்து அளக்க அவர் மிகத் தூய்மையான ஆய்வகத்தை உருவாக்க வேண்டியிருந்தது. அந்த அனுபவமே பிற்காலத்தில் பெட்ரோலில் காரீயம் சேர்ப்பதை எதிர்த்து அவரைப் போராட வைத்தது.

வெப்பச்சலனம்:

மேலே உள்ள விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பூமியின் வரலாறு முதலில் தெரிந்தது, வயது பிறகே தெரிந்தது. கீழ் அடுக்கு மேல் அடுக்கைவிடப் பழையது என்று 1669-இல் டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ எழுதினார். அடுக்குகளை அவற்றிலுள்ள புதைபடிவங்களைக் கொண்டு அடையாளம் காணலாம் என்பதை ஆங்கிலேய நிலவியலாளர் வில்லியம் ஸ்மித் 1815-ஆம் ஆண்டின் நிலப்படத்தில் காட்டினார். கேம்பிரியன், டெவோனியன் முதலிய காலங்களின் வரிசை, ஒன்றுக்கும் ஆண்டுக்கணக்கு தெரியாத நிலையிலேயே வகுக்கப்பட்டுவிட்டது.

ஆண்டுக்கணக்கைத் தர முயன்ற இயற்பியலாளர் கெல்வின், உருகிய நிலையிலிருந்து பூமி குளிர எடுத்த காலத்தை 1862-இல் கணக்கிட்டு, 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடைப்பட்டது என்றார். பூமிக்குள் கதிரியக்க வெப்பம் இருப்பதை அறியாததால் அவர் தவறினார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்த விளக்கம் போதாது. கெல்வினின் கணக்கில் கதிரியக்க வெப்பத்தைச் சேர்த்தாலும் விடை பெரிதாக மாறுவதில்லை. பூமியின் உட்பகுதி முழுவதும் அசைவற்ற திடப்பொருள், வெப்பம் கடத்தல் வழியாக மட்டுமே வெளியேறுகிறது என்று அவர் கொண்டதுதான் அடிப்படைப் பிழை. அவருக்கு முன்னர் உதவியாளராக இருந்த ஜான் பெரி, உட்பகுதியில் வெப்பம் மேலும் திறமையாகப் பரவினால் வயது பல மடங்கு கூடும் என்று 1895-இலேயே எடுத்துக்காட்டினார். கதிரியக்கம் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஆண்டு அது! பெரியின் வாதத்துக்கு உரிய கவனம் அப்போது கிடைக்காதது வருந்தத்தக்கது.

முல்லைநிலம்:

இருவருக்கும் நன்றி. நேர்கோட்டு முறை தெளிவாகப் புரிந்தது. ஆயினும் சிதைவு வேகம் 400 கோடி ஆண்டுகளும் மாறாமலே இருந்தது என்பதற்குச் சான்று உண்டா?

கற்படுகை:

உண்டு. காபோன் நாட்டின் ஓக்லோவில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியத் தாதுவிலேயே இயற்கையாக அணுப்பிளவுத் தொடர்வினை நடந்த தடயங்களை 1972-இல் கண்டறிந்தார்கள். அங்கே எஞ்சியுள்ள ஐசோடோப்புகளின் விகிதங்கள், அணுக்கருவை ஆளும் விசைகள் அன்றும் இன்றுபோலவே செயல்பட்டன என்பதைக் காட்டுகின்றன. 1987-இல் பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்தது தெரிந்தது. அந்த வெடிப்பில் உண்டான கோபால்ட்-56 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் சிதைவால் ஒளிர்ந்த அதன் ஒளியும், கோபால்ட்-56 நம் ஆய்வகங்களில் சிதையும் அதே வேகத்தில் மங்கியது. அந்த ஒளி புறப்பட்டு 1,60,000 ஆண்டுகளுக்கும் மேலாகிறது.

இவற்றைவிட எனக்கு நிறைவளிப்பது சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகங்கள் தரும் சான்று. சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், காரீயத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விலக்கிவிடும். ஒரே படிகத்தில் அரை ஆயுளில் ஆறு மடங்குக்கு மேல் வேறுபடும் இரு யுரேனியங்கள் தனித்தனியே காலத்தைக் காட்டுகின்றன. பின்னர் சேதமடையாத படிகங்களில் இரண்டும் ஒரே வயதைத் தருகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்க்கான் துகள்களுள் மிகப் பழையது ஏறத்தாழ 440 கோடி ஆண்டுகள் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. அது பிறந்த பாறை அழிந்துவிட்டது, துகள் மட்டும் பிற்காலத்துப் படிவுப் பாறையில் சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. நீங்கள் கேட்ட 50 கோடி ஆண்டு இடைவெளியில் பெரும்பகுதிக்குப் பூமியிலேயே கிடைத்துள்ள சான்று இதுவே.