‘ரியூனர்’: அலைதேர்வியா, பரிவிப்பானா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கிழக்கிலங்கையின் களுவாஞ்சிகுடியில் உயர்தர வகுப்பு மாணவர்கள் நால்வருடன் சேர்ந்து, கடையில் வாங்கிய உதிரிகளைக் கொண்டு ஓர் எப்.எம். வானொலி வாங்கியை அமைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குரிய செய்கைக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, முதல் வரியிலேயே ‘ரியூனர்’ (tuner), அதாவது வேண்டிய நிலையத்தைப் பிடிக்கும் பகுதி, வழிமறித்துக்கொண்டது. அதற்குத் தமிழாகச் சென்ற வாரம் இங்கு முன்வைக்கப்பட்ட ‘இசைவி’, ‘பண்ணி’, ‘அலைதேர்வி’ ஆகிய மூன்று சொற்களையும் வேலை மேசையில் புழங்கிப் பார்த்தபின் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

‘இசைவி’யை விரைவாகவே ஒதுக்கிவிடலாம். கேட்பவர் அதைப் பாட்டுப் பெட்டி என்றே விளங்கிக்கொள்கிறார். செய்தி மட்டும் வாசிக்கும் நிலையத்துக்கும் அந்தக் கருவி வேண்டும் அல்லவா?

‘பண்ணி’ என்ற சொல்லின் பின்னால் நல்ல மரபு இருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கானல்வரி யாழ் வாசிப்பின் எட்டுத் தொழில்களைச் சொல்லும்போது, நரம்புகளைப் பண்ணுக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளும் ‘பண்ணல்’ என்பதையே முதலில் வைக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். 1947இல் ‘யாழ் நூல்’ என்ற இசையாய்வை வெளியிட்டவரும் அவரே. ஆகையால் வானொலிக்கு யாழிலிருந்து சொல் எடுக்கும் எண்ணம் நம் பக்கத்தாருக்கு இனிப்பாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால், “நாங்கள் நல்ல பண்ணி ஒன்று செய்திருக்கிறோம்” என்று நான் சொன்னதும் நால்வரும் சிரித்த சிரிப்பில் அந்தச் சொல்லின் கதை முடிந்துவிட்டது. எழுத்தில் இரண்டு சுழி னகரம் இல்லை, மூன்று சுழி ணகரம் என்று விளக்கிக்கொண்டிருக்க வகுப்பில் நேரம் கிடையாது.

மிஞ்சுவது ‘அலைதேர்வி’. கேட்டவுடன் விளங்குவது அதன் பலம். எனினும் அது வேலையின் பயனைச் சொல்கிறதே தவிர, வேலை நடக்கும் விதத்தைச் சொல்லவில்லை. 6 மில்லிமீற்றர் துளையாணியின் (drill bit) மேல் செப்புக் கம்பியை ஐந்து சுற்றுச் சுற்றி, சுருளின் நீளத்தையும் ஏறத்தாழ 6 மில்லிமீற்றராக விட்டால், அதன் தூண்டுதிறன் (inductance) 0.1 மைக்ரோ ஹென்றி அளவில் வரும். அதனுடன் 33 பைக்கோ பரட் கொள்ளளவியை (capacitor) இணைத்தால் சுற்றின் பரிவு மீடிறன் (resonant frequency), அதாவது அது இயல்பாக அதிரும் அதிர்வெண், 87.6 மெகா ஹேட்ஸ். கொள்ளளவத்தை 22 பைக்கோ பரட்டுக்குக் குறைத்தால் 107.3 மெகா ஹேட்ஸ். எப்.எம். பட்டை முழுவதும் அநேகமாக இந்தச் சிறிய இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. குமிழைத் திருப்பும்போது நாம் செய்வதெல்லாம், சுற்றினுடைய இயல்பான மீடிறனை வேண்டிய நிலையத்தின் மீடிறனோடு பரிவுக்குக் கொண்டுவருவதே.

இதைவிட வலுவான தடை ஒன்றும் உண்டு. வழக்கமான சுப்பர்ஹெற்றரோடைன் வாங்கியில் 98 மெகா ஹேட்ஸ் நிலையத்தைக் கேட்க, உள்ளிருக்கும் அலையாக்கியை (oscillator) 108.7இல் நிறுத்துகிறோம், இரண்டும் கலந்து வரும் 10.7 மெகா ஹேட்ஸ் வேறுபாட்டை, மீடிறன் ஒருபோதும் மாறாத வடிகட்டி ஒன்று பிரித்தெடுக்கிறது. பக்கத்து நிலையத்தை விலக்கித் தேர்ந்தெடுப்பதில் பெரும்பங்கு அந்த வடிகட்டியுடையது. ரியூனருக்கு ‘தேர்வி’ என்று பெயரிட்டுவிட்டால், வடிகட்டியின் தெரிவுத்திறனைப் பற்றி எழுதும் இடத்தில் நாமே குழம்புவோம்.

ஆகவே நான் முன்வைப்பது ‘பரிவிப்பான்’. இலங்கைப் பாடநூல்களில் ‘பரிவு’ நெடுங்காலமாக இருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘ஒத்ததிர்வு’ என்பது அதுவே. அறி, அறிவி, அறிவிப்பு, அறிவிப்பான் என்று வளர்வதுபோல், பரி, பரிவி, பரிவிப்பு, பரிவிப்பான் என்று இந்தச் சொல்லும் இலக்கண வழியிலேயே வளர்கிறது. “சுற்றை 98 மெகா ஹேட்ஸுக்குப் பரிவித்தோம்” என்று வினையாகவும் எழுதலாம். ‘அலைதேர்வி’யிலிருந்து இப்படி ஒரு வினையை எடுக்க முடியவில்லை. பரிவு என்றால் இரக்கம் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு நரம்பு ஒலிக்க, தொடாத இன்னொரு நரம்பு தானாக அதிர்வதற்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை.

ரியூனருக்கு ‘மாடகம்’ என்று பெயர் வைக்கலாம் என எழுதியவருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். யாழ் நரம்பை இறுக்கும் அந்த உறுப்பின் பெயரை முழுக் கருவிக்கும் வைப்பது மிகை. குமிழுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உவமையை அதற்கு மேல் நீட்டக் கூடாது. நரம்பை இறுக்கினால் சுருதி ஏறும். நம் சுருளிலோ சுற்றுகளை நெருக்கினால் மீடிறன் இறங்கும், விலக்கினால்தான் ஏறும். மாணவர் ஒருவர் இரும்புத் திருப்புளியால் சுற்றுகளை விலக்கப் போக, திருப்புளியின் அண்மையே மீடிறனை மாற்றி, கையை எடுத்ததும் நிலையம் ஓடிவிட்டது. பிறகு தென்னை ஈர்க்குக் குச்சியால் விலக்கினோம். நிலையம் நின்ற இடத்தில் நின்றது.

திருத்துநரின் கடையில் இது இன்னும் பல காலத்துக்கு ‘ரியூனர்’ ஆகவே இருக்கும். அங்கே போய் யாரையும் திருத்தும் எண்ணம் எனக்கில்லை. எனக்கு வேண்டியது குறிப்பில் எழுதவும் பரீட்சையில் விடையாக வரையவும் ஏற்ற ஒரு சொல். ‘பரிவிப்பான்’ என்பதன் ஈறு ஆளைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது, ‘பரிவிப்பி’ என்றே வைக்கலாம் என்று நினைப்பவர்கள், சனிக்கிழமைக்கு முன் எழுதினால் நல்லது. அன்றுதான் குறிப்பைப் படியெடுக்கக் கொடுக்கிறேன். பெட்டியின் முகப்பில் அந்தச் சொல்லுக்குரிய இடத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறோம்.