தடைக்காலத்தில் ஊட்டி: ஐந்து பேருக்கு 20,000-க்குள் முடியுமா?

காசிமேடு செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை பார்க்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வருஷத்தில் அவர் முழுசாக வீட்டில் இருப்பது அந்த 61 நாள்தான். பிள்ளைகளுக்கும் அப்போதுதான் லீவு. வருமானம் நிற்பதும் அதே நாட்களில்தான். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் வாடகைக்கும் அரிசிக்கும் போய்விடும். சீட்டு எடுத்த பணம் 20,000 இருக்கிறது, அதைத் தாண்ட முடியாது.

பெரியவனுக்கு 13 வயது, சின்னவளுக்கு 7. மாமியாருக்கு 64, ஊட்டியைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார். ஒரு டிராவல்ஸில் கேட்டேன். ஐந்து பேருக்கு 32,500, மே நடுவில் மலர்க் கண்காட்சி சமயம், முன்பணம் இப்போதே கட்ட வேண்டும் என்கிறார்கள். கட்டலாமா?

தண்டையார்பேட்டை மல்லிகா:

கட்டாதீர்கள் செல்வி. எங்கள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருஷா வருஷம் எங்காவது கிளம்புகிறவள் நான். அந்த நோட்டீஸை வாங்கி, ராத்திரி எங்கே தூங்க வைக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். "மூன்று இரவு" என்று போட்டிருப்பார்கள். அதில் போகிற ராத்திரியும் வருகிற ராத்திரியும் பஸ்ஸில் கழியும். ஊட்டியில் படுப்பது ஒரே ராத்திரி. சாப்பாடு, நுழைவுச் சீட்டு, படகு எல்லாம் தனிக் காசு.

உங்கள் பணம் மிச்சமாகப் போவது தேதியில்தான், தள்ளுபடி கூப்பனில் இல்லை. மே மாதமும் மலர்க் கண்காட்சியும் மற்றவர்களுக்குக் கட்டாயம். ஆபீஸ் லீவை வைத்துத்தான் அவர்கள் வர முடியும். உங்கள் வீட்டுக்காரருக்குத் தடைக்காலத்தில் திங்கட்கிழமையும் ஒன்றுதான், சனிக்கிழமையும் ஒன்றுதான். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்ததும் ஏப்ரல் கடைசியில், ஞாயிறு இரவு ரயில் ஏறி, புதன் இரவு திரும்புங்கள். லாட்ஜ்காரர்கள் வெள்ளி, சனிக்கு ஒரு விலை சொல்வார்கள், திங்கள், செவ்வாய்க்கு இன்னொன்று சொல்வார்கள்.

ரயில், சென்ட்ரலில் இரவு 9 மணிக்கு மேல் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ். விடியற்காலை மேட்டுப்பாளையம். ஸ்லீப்பரில் தலைக்கு 350-ஐ ஒட்டி வரும். முன்பதிவு முன்னே 120 நாள் இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். ஏப்ரல் 26 இரவு ஏற வேண்டுமானால் பிப்ரவரி 25 காலை 8 மணிக்குத் திறக்கும். 29-ஆம் தேதி திரும்பும் டிக்கெட் பிப்ரவரி 28-இல்தான் திறக்கும். போகிற டிக்கெட் கிடைத்ததும் வருகிறதை மறந்துவிடுகிறார்கள், அப்புறம் ஆம்னி பஸ்ஸுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டு தேதியையும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் அரசு பஸ். வண்டி பேசிப் போனால் இ-பாஸ், அதாவது நீலகிரிக்குள் வண்டி நுழைய ஆன்லைன் அனுமதி, எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

லாட்ஜ் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆப்பில் பார்த்துவிட்டு, அந்த லாட்ஜுக்கே போன் போடுங்கள். "ஐந்து பேர், நாலு கட்டில் ஃபேமிலி ரூம், திங்கள், செவ்வாய் இரண்டு ராத்திரி, வரியோடு எவ்வளவு?" என்று கேளுங்கள். வரி என்பதை விடாதீர்கள். 7,500 வரையிலான ரூமுக்கு இப்போது 5 சதவீதம்தான். 2025 செப்டம்பருக்கு முன் 12 ஆக இருந்தது. அதோடு செக்-இன் நேரத்தையும் கேளுங்கள். நீங்கள் காலை 9, 10 மணிக்கே ஊட்டியில் இருப்பீர்கள். மதியம் 12 மணிக்குத்தான் ரூம் என்றால் மாமியாரும் குழந்தையும் குளிரில் வரவேற்பறையில் உட்கார வேண்டும், அல்லது அரை நாள் வாடகை சேரும். நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு வைக்கிற லாட்ஜுகள் இருக்கின்றன, அதைத் தேடுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கமாக எடுத்தால் ஆட்டோ செலவு குறையும்.

என் கணக்கு: ரயில் போக வர 3,300-க்குள். ரூம் நாளுக்கு 2,500 என்று வைத்தாலும் 5,000. மீதி 11,000-க்கு மேல் சாப்பாட்டுக்கும் சுற்றுவதற்கும் இருக்கிறது.

பெரம்பூர் ரயில்வே, ஓய்வு:

மல்லிகா அம்மா சொன்னது சரி. ரயில் பக்கம் சில விஷயங்கள். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சிலிருந்து கிடையாது. ஆனாலும் மாமியாரின் வயதைச் சரியாகப் போடுங்கம்மா. 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, காலி இருந்தால் கீழ் பெர்த்தைக் கணினியே கொடுக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம். பெர்த் கேட்டால் முழு டிக்கெட். உங்களோடு படுத்துக்கொள்ளட்டும்.

மலை ரயில் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்புவதற்கு அடித்துப்பிடிக்கிறார்கள். பல்சக்கரம் பிடித்து ஏறுகிற பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிறது, அதைப் பார்க்க அந்த வண்டிதான் வேண்டும். கிடைக்கவில்லையென்றால் ஊட்டி–குன்னூர் இடையே ஓடும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றுங்கள். அது டீசல், பல்சக்கரம் கிடையாது. குகையும் தேயிலைத் தோட்டமும் அதிலும் உண்டு. போகும்போது ரயில், திரும்ப பஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

வியாசர்பாடி குமார்:

அக்கா, ஊட்டிதான் வேண்டுமா? ஏலகிரி யோசித்துப் பாருங்கள். காலை ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து பஸ்ஸில் 14 கொண்டை ஊசி வளைவு. ஒரே ராத்திரி தங்கினால் போதும், செலவு பாதிதான்.

காசிமேடு செல்வி:

குமார் தம்பி, மாமியார் ஊட்டி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏலகிரியை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறேன். மல்லிகா அக்கா, திரும்புகிற நீலகிரியில் வெயிட்டிங் லிஸ்ட் வந்தால் என்ன செய்வது? வேறு என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

தண்டையார்பேட்டை மல்லிகா:

வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி உட்காராதீர்கள். ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு நேராக பஸ் இருக்கிறது, அங்கிருந்து சென்னைக்கு இரவில் சேரன் எக்ஸ்பிரஸ். அதே பிப்ரவரி 28 காலையில் அதையும் பாருங்கள். தட்கல் என்று விட்டால் ஐந்து பேருக்குக் கூடுதல் காசு, கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஸ்வெட்டர் வாங்காதீர்கள், அக்கம்பக்கத்தில் கேட்டால் கொடுப்பார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கட்டாயம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். முதல் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். ஊருக்குள் சுற்ற வேன் பேசும் முன், பஸ் ஸ்டாண்டில் அரசுச் சுற்றுலா பஸ் ஓடுகிறதா என்று கேளுங்கள், சீசனில் விடுவார்கள். சென்ட்ரலுக்கு ஆட்டோ வேண்டாம், தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் நேராக அங்கேதான்.

பிப்ரவரி 25-ஆம் தேதி காலை 7.45-க்கே ரயில் டிக்கெட் ஆப்பில் உள்ளே நுழைந்து, ஐந்து பேர் பெயரையும் வயதையும் முன்கூட்டியே சேமித்து வையுங்கள். தடுமாறினால் இங்கேயே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.