‘பாய உருகல்’ வேண்டாம், ‘நீரிளக்கம்’ சரிவருமா?

வணக்கம். எரிமலைப் பாறைகள் உருவாகும் விதம் பற்றிய நிலவியல் கலைச்சொற்களில் இந்த இரண்டைப் பற்றி எழுதுகிறேன்:

> சப்டக்‌ஷன் – கீழமிழ்தல்
> ஃபிளக்ஸ் மெல்ட்டிங் – பாய உருகல்

முதல் சொல்லில் எனக்குச் சண்டையில்லை. புவியோட்டின் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் போவது சொல்லிலேயே தெரிகிறது. இரண்டாவதுதான் இடறுகிறது. ‘பாயம்’ இயற்பியலார் காந்தப் பாயத்துக்கு எடுத்துக்கொண்ட சொல். இந்த ஃபிளக்ஸ் அதுவன்று, உலைக்களத்து ஃபிளக்ஸ். தாதுவோடு வரும் வேண்டாத மண், பாறையான காங்கோடு சேர்ந்து கசடாகும் என்று பள்ளி வேதியியலில் படித்தோமே, அந்த ‘இளக்கி’.

இங்கே இளக்கி வேலை பார்ப்பது தண்ணீர். சிலி, பெரு கரையோரத்தில் நாஸ்கா தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 செ.மீ. வேகத்தில் தென்னமெரிக்கத் தட்டுக்குக் கீழே போகிறது. தட்டு உரசிச் சூடேறி உருகி எரிமலை ஆகிறது என்றே பலரும் எழுதுகிறார்கள். உள்ளே போவது குளிர்ந்த தட்டு. பெரும்பாலும் அது உருகுவதில்லை. கடலடியில் கிடந்த காலத்தில் அதன் கனிமங்களுக்குள் புகுந்த நீர், சுமார் 100 கி.மீ. ஆழத்தில் பிழிந்தாற்போல வெளியேறி மேலிருக்கும் கவசப் பாறைக்குள் (புவியோட்டுக்கு அடியிலுள்ள ‘மேன்டில்’) ஏறுகிறது. அந்த ஆழத்தில் உலர்ந்த பாறை உருக 1400 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். நீர் சேர்ந்தால் 1000 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். சூடு கூடவில்லை, உருகுநிலைதான் இறங்கியது.

ஐப்பசி அடைமழையில் வெல்லப்பானையைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். அடுப்பே வேண்டாம், ஈரக்காற்று பட்டாலே அச்சுவெல்லம் ஓரம் கசிந்து இளகிவிடும். (அது கரைதல், இது உருகுதல், வேதியியலார் கோபிக்க வேண்டாம்.) பாறையும் முழுக்க உருகுவதில்லை, ஒரு சிறு பங்கு மட்டும் கசிகிறது. அதனால்தான் ‘உருகல்’ என்பதைவிட ‘இளக்கம்’ எனக்குப் பிடித்திருக்கிறது.

நீர் இளகுவதாகப் பொருள்படாதா என்று கேட்பீர்கள். பொற்குடம் பொன்னால் ஆன குடம் என்றால், நீரிளக்கம் நீரால் ஆன இளக்கம். ஐஸ்லாந்தில் நடப்பதற்கு நீர் வேண்டியதில்லை. அங்கே பாறை மேலெழும்போது அழுத்தம் குறைந்தே உருகுகிறது. அதற்குத் ‘தளர்வுருகல்’ என்றால் இரண்டும் குழம்பாது.

சொல்லில் ‘நீர்’ இருக்கவேண்டும் என்று நான் அடம்பிடிக்க இன்னொரு காரணம், செம்பு. நீரிளக்கத்தில் பிறந்த பாறைக்குழம்பு நீரைக் கரைத்துக்கொண்டே மேலே வருகிறது. தரைக்குச் சில கிலோமீட்டர் கீழே தேங்கி இறுகும்போது அந்த நீர் பிரிந்து, குளோரினையும் கந்தகத்தையும் செம்பையும் இழுத்துக்கொண்டு பாறையை நொறுக்கி விரிசல்களில் ஏறுகிறது. ஆறியதும் மயிரிழை மயிரிழையாகச் செம்புக் கந்தகத் தாது படிகிறது. சிலியின் சுக்கிகமாட்டா, எல் தெனியெந்தே சுரங்கங்கள் இப்படி வந்தவை. நூறு கிலோ பாறையை உடைத்தால் ஒரு கிலோ செம்பு தேறுவதே அரிது. ஆனாலும் உலகச் செம்பில் ஏறக்குறைய கால்பங்கு சிலியிலிருந்து வருகிறது. தட்டோடு உள்ளே போன கடல்நீரே இதற்கெல்லாம் கைமுதல். ‘பாய உருகல்’ என்று வைத்தால் அந்த நீர் சொல்லிலிருந்து காணாமல் போய்விடும்.

ஒரு ஐயம் மட்டும் பாக்கி. நிகழ்வுக்கு ‘நீரிளக்கம்’ போதுமா, தன்வினையாக ‘நீரிளகல்’ என்று வைக்கலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்படிச் செம்பு படியும் பாறைவகையான ‘பார்ஃபிரி’க்கு என்னிடம் சொல் இல்லை, இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.