மொட்டை மாடிக்கு 10 வருட வாரண்டி: வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மடிப்பாக்கத்தான்:
பத்து வருடம் ஒழுகாது என்று சொல்லித்தான் அந்த வெள்ளை வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்தோம். 1,100 சதுர அடி மாடி. வாரண்டியோடு என்றால் சதுர அடிக்கு 8 ரூபாய் கூடுதல். சரி, போகட்டும் என்று கொடுத்தேன். மூன்றாம் வருட ஐப்பசியில் பூஜை அறை சீலிங்கில் தேமல் மாதிரி படர ஆரம்பித்தது. நான்கு முறை போன் செய்தபின் ஒரு தம்பி வந்தார். முந்தின நாள் மழை; தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொஞ்சம் தேங்கி நின்றது. பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அதில் படுக்க வைத்தார். நாணயம் முழுகிவிட்டது. போட்டோ எடுத்தார். "தண்ணி நிக்குது சார், வாரண்டில வராது." அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. மழைக்காகத்தானே அய்யா அடித்தது! போகும்போது நாணயத்தை எடுத்து, பேன்ட்டில் துடைத்து, மறக்காமல் பையில் போட்டுக்கொண்டார். அதுதான் இன்னும் ஆறவில்லை.

வெயிலான்:
வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, சரியில்லாத மாடியில் எதை அடித்தாலும் நிற்காது. அது கோட்டிங்கின் குற்றம் இல்லை. எங்களுக்கு நல்ல அனுபவம்தான். இரண்டாம் வருடம் கைப்பிடிச் சுவர் ஓரம் உரிந்தது, சொன்னதும் வந்து அடித்துக் கொடுத்தார்கள். டப்பா அவர்கள் கணக்கு, ஆள் கூலி மட்டும் நம் கணக்கு. 6,500 ஆனது.

குட்டிமாடி:
வெயிலான் சார், கூலி நீங்கள் கொடுத்தால் அதற்குப் பெயர் வாரண்டியா?

என் கதை சின்னது. நான் ஆபீஸ் போயிருந்த நேரம் மாமனார் ஆள் வைத்து டிஷ் ஆன்டெனாவுக்கு நான்கு போல்ட் அடித்துவிட்டார். கிரிக்கெட் பார்க்க வேண்டுமாம். துளை போட்டால் மொத்த மாடிக்கும் வாரண்டி போச்சு என்றார்கள். ஒழுகுவது கிச்சனில், ஆன்டெனா இருப்பது முப்பது அடி தள்ளி, படிக்கட்டுப் பக்கம். மாமனாரிடம் இன்று வரை காரணத்தைச் சொல்லவில்லை. மழை நாளில் பக்கெட்டை நகர்த்தி வைப்பதே அவர்தான். வைத்துவிட்டு, "காச வாங்கிட்டு என்ன வேல பாத்திருக்கானுங்க" என்பார்.

சைட்காரர்:
28 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் வீடும் ஒழுகியது, அதை விடுங்கள். யாரும் அடிப்படையைப் பேசவில்லை.

பில்டரிடம் வாங்கிய ஃபிளாட், ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவானது என்றால் முதல் ஐந்து வருடத்துக்குக் காசு கொடுத்து வாரண்டி வாங்குவதே வீண். 2016 ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவைப் படியுங்கள். ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை, வேலைக் குறை எதையாவது பில்டர் கவனத்துக்குக் கொண்டுபோனால் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பியே அந்த ஐந்து வருடத்தைக் கடத்துகிறவர்கள்தான் அதிகம்.

தனி வீடு என்றால், மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, கட்டையால் நாள் கணக்கில் தட்டி, அதன்மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்திருப்பார்கள். அங்கே தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் ஓட்டு இடுக்கில், இல்லையென்றால் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில். மூலையைக் கொத்திச் சாய்த்துப் பூசாமல் வெள்ளை அடித்தால் வெயில் குறையும், ஒழுகல் குறையாது. வாட்டம் பத்து அடிக்கு ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வேலை முடிந்ததும், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து ஒரு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் கட்டிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆள் பத்து வருடம் எழுதிக் கொடுத்தால் என்ன, இருபது எழுதிக் கொடுத்தால் என்ன. அப்புறம், அட்டையில் கையெழுத்து யாருடையது? பெயிண்ட் கம்பெனியா, அடித்த ஆளா? இரண்டும் வேறு.

மடிப்பாக்கத்தான்:
சார், நீங்கள் தண்ணீர் கட்டச் சொல்கிறீர்கள், அட்டையில் தண்ணீர் நிற்கக் கூடாது என்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?

பூவரசு:
2023 டிசம்பர், மிக்ஜாம் மழை. அம்மா வீட்டில் ஹால் முழுக்கப் பாத்திரம். வாரண்டி இன்னும் ஆறு வருடம் பாக்கி. போன் போகவில்லை என்று அட்டையை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கே போனேன். அதே ஷட்டர், அதே படி, உள்ளே பிரியாணிக் கடை. அட்டையோடு அப்படியே நிற்கிறேன். "பார்சலாக்கா?" என்றான் பையன். ஒரு சிக்கன் பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

வெயிலான்:
குட்டிமாடி, கூலி கொடுத்தாலும் எங்களுக்கு ஆள் வந்தார்கள் அல்லவா? நான் சொன்னது அதைத்தான். அந்த போல்ட் விஷயத்தை மாமனாரிடம் சொல்லிவிடுங்கள், பாவம்.