ஃபிகாரோ: நாடகத்துக்குத் தடை, ஓபராவுக்கு அனுமதி?

கேள்வி: பிரெஞ்சு எழுத்தாளர் பொமார்ஷேயின் ஃபிகாரோ நாடகத்தை வியன்னாவில் மேடையேற்றக் கூடாது என்று 1785இல் நிறுத்தியவர் பேரரசர் இரண்டாம் ஜோசப். அடுத்த வருஷமே, 1786 மே 1 அன்று, அதே கதை மொசார்ட் இசையில் அவருடைய அரண்மனை அரங்கிலேயே ஓபராவாக, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகமாக, வந்திருக்கிறது. பகுத்தறிவும் சீர்திருத்தமும் பேசிய அறிவொளிக் கால மன்னர் என்கிறார்களே, இது என்ன கணக்கு?

பதில்: ஓபராவுக்கு வசனமும் பாடலும் எழுதிய டா பொன்டே போட்ட கத்தரிதான். நாடகத்தின் கடைசி அங்கத்தில், பிறந்ததைத் தவிர பிரபு என்ன பாடுபட்டார் என்று வேலைக்காரன் ஃபிகாரோ பொரிந்து தள்ளுவான். ஓபராவில் அந்த இடத்தில் பெண்களைத் திட்டி ஒரு பாட்டு! மன்னருக்கு அதில் ஆபத்தில்லை.

பதில்: ஆனால் காரம் முழுசாகப் போய்விடவில்லை. முதல் அங்கத்தில், பிரபுவே, ஆட வேண்டுமா, நான் கிதார் வாசிக்கிறேன் என்று ஃபிகாரோ பாடுவது மினுவெட் தாளத்தில், அதாவது மேட்டுக்குடி ஆடும் நடனத்தில். சொல்லை வெட்டலாம், தாளத்தை எப்படி வெட்டுவது?

பதில்: ஜோசப்பை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது, 1781இல் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) பண்ணையடிமை முறையை ஒழித்தவர், அதே வருஷம் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தவர். அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரு உத்தரவு போடுவார். ஃபிகாரோவில் ரசிகர்கள் ‘இன்னொரு முறை’ கேட்டுக் காட்சி நீண்டுகொண்டே போனதும், ஒருவருக்கு மேல் சேர்ந்து பாடும் பகுதிகளைத் திரும்பப் பாடக் கூடாது என்று அதற்கும் ஒன்று போட்டார்.