கிணற்று நீரில் நைத்திரேற்று: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம். வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்தோம்; நைத்திரேற்று (உரத்தாலும் மலக்கழிவாலும் நீரில் சேரும் நைதரசன் உப்பு) லீற்றருக்கு 70 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 50. வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டம், யூரியாவுக்குக் குறைவில்லை. மலசலகூடக் குழியும் கிட்டத்தான். செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். மேலே போடுவதெல்லாம் விறுவிறுவென்று கிணற்றுக்கு இறங்கிவிடுகிறது.

தண்ணீர் தெளிவு, ருசியும் நல்ல ருசி. அதனால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "கொதிக்க வைத்தால் சரி" என்கிறார் மாமி. கிருமி சாகும், நைத்திரேற்று போகாதே! நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க இப்போது போத்தல் தண்ணீர் வாங்குகிறோம். எத்தனை நாளைக்குக் கட்டுப்படியாகும்?

எதிர்ச் சவ்வூடுபரவல் வடிகட்டி (நீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி உப்புகளைப் பிரிக்கும் RO கருவி) வைத்திருப்பவர்கள், வடித்த நீரைச் சோதித்துப் பார்த்தீர்களா? கழிவுநீர் எவ்வளவு போகிறது? சவ்வு எத்தனை காலம் தாங்குகிறது? மாரி மழைக்குப் பிறகு அளவு ஏறியதா என்றும் சொல்லுங்கள்; அப்போது மறுபடி சோதிக்க எண்ணம்.

ஆழமாகக் குழாய்க் கிணறு அடிக்கச் சொல்லாதீர்கள். நன்னீருக்கு அடியில் உவர்நீர் இருப்பதை எங்கள் பக்கத்து ஆழமான நிலாவரைக் கிணறே காட்டுகிறது.