புதுப்பிப்பு: எஸ்ஏடி வாசிப்பில் நேரம் போதவில்லை என்று புலம்பியிருந்தேனே

போன மாதம் எழுதியது நினைவிருக்கலாம். இங்கே நியூ ஜெர்சியில் சனிக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் வாசிப்பு-எழுத்துப் பிரிவில், ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் கடைசி ஐந்தாறு கேள்விகளைத் தொடாமலே விட்டுவந்தார்கள். வேகமாகப் படிக்கப் பழக்குங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். பழக்கினேன், பிழை கூடியதுதான் மிச்சம்.

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. ஒரு பகுதிக்கு 27 கேள்வி, 32 நிமிடம். கேள்விக்கு 71 விநாடிதான். முதலில் சொற்பொருள், பிறகு பத்தியின் கருத்து, அதன்பின் இலக்கணம், கடைசியில் இணைப்புச் சொற்களும் குறிப்புகளிலிருந்து வாக்கியம் அமைப்பதும். இந்த வரிசை மாறுவதில்லை. பிள்ளைகளோ நடுவில் வரும் ஆதாரம், அட்டவணைக் கேள்விகளில் மூன்று நிமிடம் உட்கார்ந்துவிட்டு, அரை நிமிடத்தில் முடியும் இலக்கணத்தைக் கோட்டைவிட்டார்கள்.

இப்போது சொற்பொருள் முடிந்ததும் இலக்கணத்துக்குத் தாவி, கடைசிவரை போய்விட்டு நடுவுக்குத் திரும்புகிறார்கள். தேர்வு எழுதும் புளூபுக் செயலியில் ஒரு பகுதிக்குள் அப்படித் தாவலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதால் எதையும் காலியாக விடுவதுமில்லை.

ஒருத்திக்கு நேரம் மிஞ்சுகிறது. இன்னொருவன் இன்னமும் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் போட்டு ஒட்டுகிறான். (தமிழில் நானும் அப்படித்தான். மேலேயே ஒன்று இருக்கிறது.) அரைப்புள்ளிக்குத் தனியாக ஒரு சனிக்கிழமை ஒதுக்கியிருக்கிறேன்.